வெட்கப்பூவுக்கு மூன்று சாட்சிகள்

"யார் பிடுங்கினது?"

அந்தக் குரல் மூன்றாம் மாடி வரை கேட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே, குடியிருப்பின் பின்பக்கத்தில், பள்ளிச் சீருடையோடு அவன் தங்கை சுள்ளி நின்றிருந்தாள். இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

"போச்சு. யாரோ வசமா மாட்டிக்கிட்டாங்க" என்றான் அண்ணன், வாய் நிறைய நுரையோடு.

சுள்ளி என்பது அவன் வைத்த பெயர்தான். ஆள் ஒல்லி. ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்வாள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை.

அவள் காலடியில் ஒரு சின்னப் பாத்தி இருந்தது. ஒரு பாய் விரித்த அளவுதான் இருக்கும். பெரிய மரத்தின் நிழலில் இருந்ததால் அந்த இடத்தில் புல்கூட ஒழுங்காக வளராது. அதனால்தான் குடியிருப்பின் செயலாளர் மாமா, "சரி, அந்த மூலைதானே, வச்சுக்கோ" என்று அவளுக்குக் கொடுத்திருந்தார்.

பாத்தியில் நேற்று வரை ஒரு செடி இருந்தது. ஒரே ஒரு செடி. அதற்கு முட்டுக்கொடுக்க ஐஸ்கிரீம் குச்சிகூட நட்டிருந்தாள். இன்று குச்சி மட்டும் நின்றது.

"நான்தான் பிடுங்கினேன்" என்று ஒரு குரல் வந்தது.

வேலி ஓரத்தில் இருந்து தோட்டக்கார அக்கா எழுந்து நின்றார். தலையில் துண்டு, காலில் பெரிய ரப்பர் காலணி, கையில் களைக்கொத்து. அந்தத் தெருவில் நான்கு குடியிருப்புகளுக்கு அவர்தான் தோட்ட வேலை பார்க்கிறார்.

"ஏன் பிடுங்கினீங்க?"

"களை. அதான் பிடுங்கினேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அது களை இல்லை! வெட்கப்பூ!"

"எந்தப் பூவா இருந்தா என்ன? அது கொடி மாதிரி படர்ற களை. இன்னும் ஒரு வாரம் விட்டா உன் பாத்தியைத் தாண்டி என் வேலி மேல ஏறும். உனக்கு நல்லது பண்ணினேன்."

நல்லதாம்! சுள்ளி காலால் தரையை ஓங்கி உதைத்தாள். சீருடைப் பையில் இருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். அவளே வரைந்த படம். மூன்று விரல் விரித்த கை மாதிரி ஓர் இலை.

"பாருங்க! இதான் வெட்கப்பூவோட இலை. நீங்க பிடுங்கினதுக்கும் மூணு விரல். இதுக்கும் மூணு விரல்!"

அக்கா படத்தைப் பார்த்தார். "உலகத்துல மூணு விரல் இலை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

வெட்கப்பூ கடையில் கிடைக்கிற பூ இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் காடு இருந்தது. அங்கே பெரிய மரங்களின் அடியில், சருகுக்கு நடுவில், அது தானாகப் பூத்துக் கிடக்கும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே பூப்பதால் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வெட்கப்பூ. டீச்சர் சொன்ன பெயர் மிக நீளமானது. அதை யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அறிவியல் டீச்சர் எல்லாரையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார்.

"விதை சேர்த்துக்குங்க. அடுத்த வாரம் இங்க இயந்திரம் வந்துடும். கட்டடம் கட்டப் போறாங்க."

"டீச்சர், பூவெல்லாம் இருக்குன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று சுள்ளி கேட்டாள்.

டீச்சர் கையில் மிச்சம் இருந்த உறைகளை அடுக்கினார். "சொன்னோம்" என்றார்.

அன்று முழுக்கச் சுள்ளி வேறு எதையும் பார்க்கவில்லை. விதை மட்டும் சேர்த்தாள். கடுகில் பாதி அளவு இருந்தது ஒவ்வொரு விதையும். மறுவாரம் பள்ளிப் பேருந்தில் போகும்போது பார்த்தால், காடு இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும்தான் தெரிந்தது.

அதனால் அவள் கையில் இருந்த விதைதான் மிச்சம். டீச்சர் சொன்னபடியே எல்லாம் செய்தாள். விதையை வெயிலில் காயவைக்கவில்லை. ஈர மணலோடு கலந்து தூவினாள். மண்ணைப் போட்டு ஆழமாக மூடாமல், உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டாள். மேலே மெல்லிசாகச் சருகு பரப்பினாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பூவாளியால் தண்ணீர் தெளித்தாள்.

களையும் எடுத்தாள். அதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. தினமும் மாலையில் படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாத்தி அருகில் உட்காருவாள். மூன்று விரல் இல்லாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. புல் வந்தால் பிடுங்குவாள். சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாக ஏதோ ஒன்று நிறைய வந்தது. அதையும் விடாமல் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க வந்தது. "உங்களுக்கு வெட்கமே இல்லையா?" என்று அவற்றைத் திட்டியும் பார்த்தாள்.

கடைசியில் ஒரே ஒரு மூன்று விரல் செடி வந்தது. அதைத்தான் இந்த அக்கா பிடுங்கிவிட்டார்!

சுள்ளி நேரே இரண்டாம் மாடிக்குப் போய்ச் செயலாளர் மாமாவின் கதவைத் தட்டினாள்.

செயலாளர் மாமாவுக்கு அறிவிப்பு ஒட்டுவது என்றால் உயிர். லிஃப்ட்டுக்குள் எப்போதும் ஏழெட்டு அறிவிப்புகள் இருக்கும். 'லிஃப்ட்டில் குதிக்கக் கூடாது.' 'அறிவிப்புகளில் மீசை வரையக் கூடாது.' அவற்றுக்கு நடுவே இதுவும் இருந்தது: 'பின்பக்க மூலைப் பாத்தி மூன்றாம் மாடிச் சிறுமியுடையது. வேறு யாரும் தொடக் கூடாது.'

"என் அறிவிப்பை மீறிட்டாங்களா?" என்றார் மாமா. செடி போனதைவிட அதுதான் அவரைச் சுட்டது. "போன மாசம் குழாயை மூடாமப் போனாங்க. இப்ப இது. சரி, இந்த மாசத்தோட போதும்னு சொல்லிடறேன். வேற ஆள் பார்த்துக்கலாம்."

சுள்ளி கொஞ்சம் திடுக்கிட்டாள். அக்காவை மன்னிப்புக் கேட்க வைப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஐஸ்கிரீம் குச்சி மட்டும் தனியாக நின்றது நினைவுக்கு வந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

அன்று மாலை பின்பக்கம் ஒரே சத்தம்.

"ஒரு களையைப் பிடுங்கினதுக்கு வேலை போகுதாம்! களை எடுக்கத்தானே வேலைக்கு வச்சாங்க? நாலு வருஷமா வர்றேன். ஒரு நாள் லீவு எடுத்திருப்பேனா?" என்று தண்ணீர்க் குழாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார் தோட்டக்கார அக்கா. குழாய் சும்மாதான் இருந்தது. ஆனால் மூன்றாம் மாடிக்கு நன்றாகக் கேட்டது.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "ஏய், அது வெட்கப்பூதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"மூணு விரல் இலை!"

"நீ படம் வரைஞ்சது வளர்ந்த செடியைப் பார்த்து. குட்டிச் செடியைப் பார்த்திருக்கியா?"

"குட்டியும் அப்படித்தான் இருக்கும்."

"உன் ஒரு மாசப் போட்டோவைப் பார்த்திருக்கியா? மொட்டைத் தலையும் நீயுமா, தாத்தா மாதிரி இருப்பே. அதை நீதான்னு யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?"

தலையணை பறந்து வந்தது. அண்ணன் குனிந்துகொண்டான்.

"நான் நிரூபிச்சுக் காட்டறேன் பாரு!" என்றாள் சுள்ளி. "அப்புறம் நீயும் மன்னிப்புக் கேட்கணும், அந்த அக்காவும் கேட்கணும்."

உறையின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டி எண்ணினாள். பதினொன்று.

ஆனால் தோட்டத்து மண்ணில் எத்தனையோ களை விதைகள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும். எது தன் விதையில் இருந்து வந்தது, எது மண்ணில் இருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? சுள்ளி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு யோசித்தாள். மண்ணில் இருக்கும் விதைகளைச் சாகடித்துவிட்டால்? எப்படி? வேகவைத்துவிட்டால்!

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்த அம்மா, "அட, சமையலா? என் பொண்ணா?" என்று முகமெல்லாம் மலர்ந்து போய் மூடியைத் திறந்தாள்.

"என்னடி இது!"

"மண்ணும்மா."

"மண்ணுன்னு தெரியுது! குக்கர்ல ஏன்டி இருக்கு?"

"நல்லா வேகணும்ல?"

அம்மா அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் இங்கே வேண்டாம். குக்கரைச் சுள்ளியே ஐந்து முறை தேய்த்துக் கழுவினாள் என்பது மட்டும் போதும்.

வெந்த மண் ஆறியதும் மூன்று சின்னத் தொட்டிகளை எடுத்தாள். முதல் தொட்டியில் வெந்த மண். அதில் பதினொரு விதைகள். இரண்டாவதில் வெந்த மண் மட்டும். மூன்றாவதில் பாத்தி ஓரத்தில் இருந்து எடுத்த பச்சை மண், அதில் விதை எதுவும் போடவில்லை. மூன்றையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தாள்.

"மூணு சாட்சிகள்" என்று அண்ணனிடம் சொன்னாள். "முதல் தொட்டியில மட்டும் எது வருதோ, அதான் வெட்கப்பூ. மூணு விரலோட வரும். அப்புறம் பேசிக்கலாம்."

அவள் அதன் பிறகு பாத்திப் பக்கமே போகவில்லை. அங்கே என்ன இருக்கிறது? வெறும் குச்சி. செயலாளர் மாமா பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றிலும் ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டிருந்தார். தோட்டக்கார அக்கா கயிற்றுக்கு ஓர் அடி தள்ளியே பெருக்கினார். முன்பெல்லாம் பள்ளிக்குப் போகும்போது, "என்ன சுள்ளி, பை உன்னைத் தூக்கிட்டுப் போகுதா?" என்பார். இப்போது சுள்ளி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் முதல் தொட்டியில் மண் விரிசல் விட்டது. மறுநாள் பச்சையாக ஏதோ தெரிந்தது.

சுள்ளி மூக்கு மண்ணில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

வட்டமாக இரண்டு குட்டி இலைகள். சட்டைப் பொத்தான் மாதிரி.

"சே! இங்கேயும் வந்துடுச்சா!" அவள் விரல் தானாகவே பிடுங்கப் போனது. பாதியில் நின்றது.

வெந்த மண்ணில் களை எப்படி வரும்?

இரண்டாம் தொட்டியைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. மூன்றாம் தொட்டியைப் பார்த்தாள். புல் இரண்டு. அதற்கு நடுவில், மூன்று விரலை விரித்துக்கொண்டு ஒரு செடி கொடி வீசத் தொடங்கியிருந்தது. விதையே போடாத தொட்டியில்!

"சரியா வேகலை" என்றாள் சத்தமாக. அறையில் யாரும் இல்லை. "குக்கர் பழசு. அதான்."

மறுநாள் பொத்தான்கள் நான்கு ஆயின. அடுத்த நாள் ஏழு. தொட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டோமோ என்று அடியில் எழுதியிருந்த எண்ணைத் தூக்கிப் பார்த்தாள். மாறவில்லை. குக்கரைத் திட்டினாள், உறையைத் திட்டினாள், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நின்ற அண்ணனையும் திட்டினாள். "சிரிக்காதே!" என்றாள். அவன் சிரிக்கவே இல்லை.

இருபத்தைந்தாம் நாள் பள்ளியில் இருந்து வந்து பார்த்தபோது, ஒரு பொத்தான் செடியின் நடுவில் இருந்து மூன்றாவது இலை எட்டிப் பார்த்தது. நகத்தில் பாதி அளவுதான். ஆனால் அதன் நுனியில் மூன்று விரல் தெளிவாகத் தெரிந்தது.

சுள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வித்திலை. விதையில் இருந்து முதலில் வரும் இலை. அது பின்னால் வரும் இலைகளைப் போல இருக்காது. போன பருவத் தேர்வில் இந்தக் கேள்விக்கு இரண்டுக்கு இரண்டு வாங்கியவள் அவள். எழுதியதை எழுதிவிட்டு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் மாலையில் போய்...

எத்தனை பொத்தான்கள்! ஐம்பதா? நூறா? காடு போன பிறகு மிச்சம் இருந்ததே அவைதான். அதைப் பிடுங்கியது இயந்திரம் இல்லை. தோட்டக்கார அக்காவும் இல்லை. இரண்டு விரலால், வேரோடு, ரொம்பக் கவனமாகப் பிடுங்கியது அவளே. ஒரு களைக்குக் குச்சி நட்டு முட்டுக்கொடுத்தவளும் அவளே.

இதுவரை சுள்ளி யார் யார் மேலோ கோபப்பட்டிருக்கிறாள். தன் மேலேயே இவ்வளவு கோபம் வந்தது இதுதான் முதல் தடவை. அதை யார் மேல் எறிவது என்று தெரியவில்லை.

மாதம் முடிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணனைத் தவிர. அண்ணன் சொல்ல மாட்டான்.

அவள் எழுந்தாள். மூன்று தொட்டிகளையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள்.

"மாமா, அந்த அக்கா பிடுங்கினது களைதான். என் செடியை எல்லாம் பிடுங்கினது நான்."

செயலாளர் மாமா தொட்டிகளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சுள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். குக்கரைக்கூட விடவில்லை.

"பரவாயில்லை விடும்மா. சின்ன விஷயம்" என்றார் மாமா. "வேற ஆள்கிட்ட சொல்லியாச்சு. ஒண்ணாம் தேதியில இருந்து வர்றாரு."

"சின்ன விஷயமா?" சுள்ளி தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "நான் சொன்னதை நம்பி அவங்களை அனுப்புனீங்க. அன்னிக்கு அது பெரிய விஷயம். இன்னிக்கு நான் பொய்... பொய் இல்லை, தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னா, அது மட்டும் எப்படிச் சின்ன விஷயம் ஆகும்?"

"பெரியவங்க ஒரு முடிவு எடுத்தா..."

"தப்பான முடிவு!"

"பாப்பா, மரியாதை" என்று மாமா கதவைச் சாத்தினார்.

சுள்ளி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தட்டில் தொட்டிகள் இருந்ததால் உதைக்கவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட்டில் ஏறியவர்கள் எல்லாரும் இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் நின்று படித்தார்கள். செயலாளர் மாமாவின் அறிவிப்புகளுக்கு மேலே, பெரிய எழுத்தில், புது அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது.

'அறிவிப்பு.
மூலைப் பாத்தியில் இருந்த வெட்கப்பூச் செடிகளைப் பிடுங்கியது நான். களை என்று நினைத்துவிட்டேன்.
தோட்டக்கார அக்கா பிடுங்கியது களைதான். அவர் சொன்னது சரி.
நான் சொன்ன தப்பால் அவருக்கு வேலை போகிறது. இது அநியாயம்.
சாட்சிகள் மூன்று பேர் படிக்கட்டு அருகில் இருக்கிறார்கள். வந்து பார்க்கலாம். தொடக் கூடாது.
இப்படிக்கு, மூன்றாம் மாடிச் சுள்ளி.'

படிக்கட்டு அருகே ஒரு ஸ்டூலில் மூன்று தொட்டிகள் இருந்தன. நான்காம் மாடிச் செவிலியர் வேலைக்குப் போகும் அவசரத்திலும் குனிந்து பார்த்தார். கீழ் வீட்டுத் தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அடடே, பொத்தான்தான்!" என்றார் அவர்.

பிறகு ஒவ்வொருவராகச் செயலாளர் மாமாவின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு வேலையில குறையே இல்லையே, எதுக்கு நிறுத்தறீங்க?"

"எங்க முல்லைப் பந்தலையும் அவங்கதானே காப்பாத்தினாங்க?"

"சின்னப் பிள்ளை ஒத்துக்கிட்டா. நாம ஒத்துக்கிட்டா என்னங்க?"

மாலைக்குள் மாமாவின் கதவு ஒன்பது முறை தட்டப்பட்டது. பத்தாவது முறை யாரும் தட்டுவதற்கு முன்னாலேயே அவர் வெளியே வந்து, லிஃப்ட்டில் சின்னதாக ஓர் அறிவிப்பு ஒட்டினார். 'இப்போதைய தோட்டக்காரரே தொடர்ந்து வருவார்.' சுள்ளியின் அறிவிப்பைக் கிழிக்கவில்லை. ஓரம் பிரிந்திருந்ததை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

சுள்ளி இரண்டிரண்டு படியாகத் தாவிப் பின்பக்கம் ஓடினாள். தோட்டக்கார அக்கா மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! நீங்க போக வேண்டாம்! அறிவிப்பு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." துடைப்பம் நிற்கவில்லை. "லிஃப்ட்டுக்குச் சொல்லியிருக்கே. செயலாளர்கிட்ட சொல்லியிருக்கே. நாலு மாடிக்கும் சொல்லியிருக்கே. என்கிட்ட சொன்னியா?"

சுள்ளி செருப்பு நுனியால் சருகைக் கிளறினாள்.

"களைன்னு என்னைத்தானே நீ பிடுங்கப் பார்த்தே? ராத்திரி வீட்டுக்குப் போய், ஒண்ணாம் தேதியில இருந்து இந்தச் சம்பளத்துக்கு எங்க போறதுன்னு யோசிச்சது நான். லிஃப்ட்டா யோசிச்சுது?"

ஊருக்கே கேட்கும்படி எழுதிவிட்டாள். ஒரே ஓர் ஆளிடம் சொல்வதுதான் எவ்வளவு கஷ்டமாக இருந்தது! சுள்ளி தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு அது சரியில்லை என்று தோன்றியதால் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கே சரியாச் சொன்னீங்க. நான் கேட்கலை. கத்தினேன். உங்ககிட்டதான் முதல்ல வந்திருக்கணும். பயமா இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க அக்கா."

துடைப்பம் நின்றது.

"பயமா? உனக்கா?" அக்காவின் உதட்டு ஓரம் லேசாக ஆடியது. "நம்புற மாதிரி ஏதாவது சொல்லு."

"நிஜமா அக்கா. களைக்கொத்து வேற கையில இருந்துச்சு."

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பைத் துடைத்த மாதிரிதான் இருந்தது. "சரி, வா. கயிறு கட்டினதில இருந்து நான் உன் பாத்தியை எட்டிக்கூடப் பார்க்கலை. என்ன கதியில இருக்கோ."

பாத்தி முழுக்கப் புல் மண்டியிருந்தது. கிட்டத்தட்ட நான்கு வாரமாக யாரும் கை வைக்கவில்லை. அக்கா கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தார். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, விரலால் ஒரு புல்லைப் பிடித்தார்.

"இது?"

"களை" என்றாள் சுள்ளி.

"இது?"

"களை."

"இது?"

சுள்ளி சட்டென்று குனிந்தாள். தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். புல்லின் அடியில், சருகை முட்டித் தள்ளிக்கொண்டு, இரண்டு பொத்தான் இலைகள். பக்கத்தில் இன்னொன்று. அங்கே ஒன்று. எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. சில விதைகள் மண்ணுக்குள் காத்திருந்து, தாமதமாக எழுந்திருக்கின்றன. பிடுங்குகிற கை ஓய்ந்த பிறகு.

"பூ" என்றாள். "அக்கா, அது பூ. இதுவும் பூ. அய்யோ, காலை எடுங்க, அதுவும் பூ!"

அக்கா ஒற்றைக் காலில் நின்றார். "அப்ப நான் எங்கதான் நிக்கறது?"

இருட்டும் வரை இருவரும் புல் பிடுங்கினார்கள். மொத்தம் பதினான்கு பொத்தான்கள் கிடைத்தன. தொட்டியில் இருந்த ஏழையும் சேர்த்தால் இருபத்தொன்று.

அவை அவசரமே படவில்லை. மூன்று விரல் வந்தது. பிறகு அப்படியே மாதக்கணக்கில் சும்மா இருந்தன. வெயில் காலத்தில் இலை உதிர்ந்து காணாமல் போயின. சுள்ளி பதறினாள். "செத்துடுச்சா அக்கா?" என்று தினமும் கேட்டாள். "எனக்கு என்ன தெரியும்? உன் சாட்சிகளைக் கேளு" என்றார் அக்கா. ஆனால் அவரும் தினமும் தண்ணீர் தெளித்தார். மழை வந்ததும் அவை மண்ணுக்கு அடியில் இருந்து மறுபடியும் கிளம்பின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கம் இருந்து கூச்சல் கேட்டது.

"சுள்ளி! ஏ சுள்ளி! கீழ வா! இப்பவே வா!"

சுள்ளி தலை வாராமல் ஓடினாள். அண்ணன் ஓடினான். என்னவோ ஏதோ என்று அம்மாவும் ஓடினாள். தையல்காரர் வந்தார். செவிலியர் வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் செயலாளர் மாமாவும் வந்தார்.

பாத்தியின் நடுவில் ஒரு செடி. அதில் ஒரே ஒரு பூ. கட்டைவிரல் நகம் அளவு. வெளிறிய வெள்ளை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் செயலாளர் மாமா.

"இவ்வளவுதானாவா?" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. ஒன்று சுள்ளியுடையது. இன்னொன்று தோட்டக்கார அக்காவுடையது. இருவரும் கையை இடுப்பில் வைத்திருந்தார்கள்.

"ஒரு காடே போயிடுச்சு மாமா! அதுல மிச்சம் இது!" என்றாள் சுள்ளி.

"ஒரு வருஷம் காவல் காத்திருக்கோம், இவ்வளவுதானாவாம்!" என்றார் அக்கா. "நின்னுக்கிட்டுப் பார்த்தா அப்படித்தான் தெரியும். அதுதான் தலை குனிஞ்சு நிக்குதே. நீங்கதான் கீழ போகணும்."

மாமா தன் சட்டையைப் பார்த்தார். ஈர மண்ணைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். வேறு வழியில்லை என்று புரிந்தது. மெதுவாக முட்டி போட்டார். பிறகு கையை ஊன்றினார். கடைசியில் கன்னம் மண்ணில் படும்படி சாய்ந்து, பூவை அடியில் இருந்து பார்த்தார்.

உள்ளே ஊதா நிறம். யாரோ மெல்லிய ஊசியால் இழுத்த மாதிரி, நடுவில் இருந்து ஓரம் வரை ஊதாக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு மஞ்சள் புள்ளி.

மாமா எழுந்திருக்கவே இல்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"என்ன சார், அங்கேயே குடியேறிட்டீங்களா?" என்றாள் அம்மா, நிஜமாகவே கோபமாக. "நாங்களும் பார்க்க வேண்டாமா?"